எடைக்குப் போட்டவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

கண்காட்சி முடிந்து, நீங்கள் போட்ட பழைய சாமான்களைப் பற்றவைத்து நான் செய்த சிலை, அடிபம்பு அடிக்கும் பெண், நேற்று வீடு திரும்பினாள். எடை 83 கிலோ. புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடை அண்ணன் தராசில் ஏற்றிப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. உடைத்துப் போட்டால் எவ்வளவு தேறும் என்றும் சொன்னார். கண்காட்சிக்கு வந்த ஒருவர் கேட்ட விலை அதைவிட அதிகமில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் நன்றி அவருக்கே. வண்டி உதிரிபாகக் குவியலை நான் நாள் முழுதும் கிளறியும் விரட்டவில்லை. முதுகெலும்புக்குக் கம்பி தேடியவனிடம் பைக் செயினை நீட்டியவர் அவர்தான். வேண்டிய வளைவில் படுக்கவைத்து, கண்ணிக்குக் கண்ணி பற்றவைத்தால் போதும், விறைத்து நின்றுவிடும்.

வெல்டிங் அண்ணனுக்கு நன்றியோடு மன்னிப்பும். தகர வாளியின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் பற்றவைக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னார். கேட்கவில்லை, அந்தப் புகையால் அன்றிரவே குளிர்காய்ச்சல். அலுமினியத்தை இரும்போடு பற்றவைக்க முடியாது, ரிவெட் அடி. உப்புக்காற்றில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துவிடும், நடுவே சைக்கிள் டியூபை வெட்டி வை என்றதும் அவரே. கல்லூரியில் நான் கேட்காத பாடம்.

சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் கொண்டு பாறைத் தோட்டம் என்னும் சிற்பத் தோட்டத்தைப் பல ஆண்டுகள் அரசுக்குத் தெரியாமல் காட்டுக்குள் எழுப்பினார். மக்களுக்குத் திறந்தது 1976இல். எனக்குக் காடு இல்லை, மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம்தான். கிரைண்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கு வேறென்ன சொல்வது? குக்கர் மூடி, ஓட்டைக் கரண்டி, ஓடாத மின்விசிறியின் இறக்கை எனக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

கடைசி வீட்டுப் பாட்டிதான் இடுப்புக் குடத்தைத் தந்தவர். கல்யாணச் சீர், எவர்சில்வரில் அவர் பெயர் வெட்டியிருக்கும். பெயர் வெளிப்பக்கம் தெரிய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அடி ஓட்டையை ஆர்கான் வெல்டிங்கில் அடைத்து அப்படியே வைத்தேன். கண்காட்சிக்கு வந்த பாட்டி பெயரை விரலால் தடவினார். பிறகு குனிந்து அடிப்பக்கம் பார்த்தார்.

"ஓட்டையைத்தான் அடைத்துவிட்டாயே தம்பி, எப்போது திருப்பித் தருவாய்?"

பாட்டி, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

நன்றியுடன்,
மாடிப்படிக்கு அடியிலிருந்து