எட்டாவது தட்டு சும்மா

பாளையங்கோட்டை
ஆனி மாதம்

அன்புள்ள கோமு,

கடிதம் கிடைத்தது. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டதாம். இங்கே காற்று மட்டும் மண்ணை வாரி அடிக்கிறது. நெல்லையப்பர் தேருக்கு வருவாயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், உன் கேள்வி அதைப் பின்னால் தள்ளிவிட்டது. ஒன்றாம் வகுப்பைக் கொடுத்துவிட்டு, 'பாட்டாப் பாடிச் சமாளிங்க டீச்சர்' என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எந்தப் பாட்டு, எதற்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதானே?

பாட்டு வகுப்பைக் கலகலப்பாக்கும், அது வேறு. எழுத்தும் எண்ணும் வர வேண்டும் என்றால் தாளமும் பாடமும் ஒரே இடத்தில் விழ வேண்டும். குறில் நெடிலையே எடுத்துக்கோ. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தமிழே தாளக் கணக்கைக் கையில் கொடுத்திருக்கிறது. நாம்தான் ஏதோ ஒரு சினிமா மெட்டில் ஏற்றிக் குறிலை இழுத்துக் கெடுக்கிறோம். 'படம்' என்பதைப் 'பாடம்' என்று இழுத்துப் பாடிய பிள்ளை சிலேட்டிலும் 'பாடம்' என்றுதான் எழுதும். காதில் விழுந்ததை அது ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது, தப்பு மெட்டில்.

இதைப் போட்டுப் பார்:

எடு எடு ஏடு
தொடு தொடு தோடு

எ-டு, எ-டு, நாலு. ஏ-வுக்கு இரண்டு, டு-வுக்கு ஒன்று. ஆக ஏழு. எட்டாவது தட்டு சும்மா. எட்டு எண்ணிக்கை உள்ள ஆதி தாளத்தில் ஒரு சுற்று முடிந்தது. ('ஏடு'-வின் கடைசி உகரம் குற்றியலுகரம், அதற்கு அரை மாத்திரைதானே என்று நன்னூலைத் தூக்கிக்கொண்டு வராதே ஏட்டி, ஒன்றாம் வகுப்புக்கு இந்தக் கணக்குப் போதும்.) குறிலுக்கு ஒரு கைதட்டல். நெடிலுக்குத் தட்டிவிட்டு, அடுத்த எண்ணிக்கையில் கையை அகல விரிக்க வேண்டும்.

சறுக்குகிற இடம் அந்த எட்டாவது தட்டு. காலி இடத்தைக் கண்டால் பிள்ளைகள் விடாது, 'ஏடூ...' என்று இழுத்து நிரப்பும். மறுநாள் நோட்டில் 'டூ' வந்து நிற்கும். அதனால் அந்தத் தட்டில் விரலை உதட்டில் வைக்கச் சொல். வேலை இருந்தால் இழுக்காது. இரண்டு வரியும் மனசில் நின்ற பிறகு விடு-வீடு, முடி-மூடி, தடி-தாடி எல்லாம் அதே அச்சில் உட்காரும். கடைசியில் மெட்டை எடுத்துவிடு. அட்டையில் 'மூடி' என்று எழுதிக் காட்டு, வாய் திறக்காமல் கை மட்டும் தட்டட்டும். அங்கே தடுமாறினால் பாட்டு வந்திருக்கிறது, நெடில் வரவில்லை என்று அர்த்தம்.

மெட்டுக்கு ச ரி க ப போதும், மேல் ஸ்தாயிக்குப் போகாதே. உன் குரல் கனத்த குரல். உனக்கு வசதியான சுருதியில் ஆரம்பித்தால் பிள்ளைகள் முனகும், ரொம்ப ஏற்றினால் கத்தும். ஆர்மோனியத்தில் நடு ஸ்தாயி, 'ச'-வை இரண்டு கட்டையில் (இரண்டாவது வெள்ளைக் கட்டை) வைத்து ஆறு கட்டைக்குள் மெட்டை அடக்கு. முதலில் நீ இரண்டு தடவை முழுசாகப் பாடு, அவர்கள் கேட்க மட்டும் செய்யட்டும். பிறகு வரி வரியாகத் திருப்பிச் சொல்லட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

எண் பாட்டில் வேறு தொல்லை. ஆளுக்குப் பத்துப் புளியமுத்து கொடுத்துப் பாடச் சொன்னால், 'ஒன்' என்றதும் ஒரு முத்து, 'று' என்றதும் இன்னொரு முத்து நகரும். பாட்டு பத்தில் நிற்கும், முத்து எப்போதோ தீர்ந்திருக்கும். சொல்லின் முதல் எழுத்துக்கு முத்தைத் தொட வேண்டும், சொல் முடிந்த பிறகுதான் கை அடுத்ததற்குப் போக வேண்டும். இது பழகாமல் பதினொன்றுக்குப் போகாதே, அதில் நாலு அசைவு இருக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்துத் தொண்ணூறு வராமல் எண்பத்திப்பத்து வரும் பார், அதற்குப் பாட்டு உதவாது. எண் அட்டையை அடுக்கித்தான் காட்ட வேண்டும்.

சத்துணவுக்கு முன்னால் கை கழுவப் பாட்டு கேட்டிருந்தாய். சோப்புப் போட்டுத் தேய்க்க 20 விநாடி வேண்டும். எட்டுத் தட்டு வரி நாலு, ஆக 32 தட்டு. நிமிஷத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தில் பாடினால் சரியாக 20 விநாடி. ஆனால் சாம்பார் வாசனை வந்துவிட்டால் பன்னிரண்டு விநாடியில் முடித்துவிடுவார்கள். தாளத்தை அவர்களிடம் விடாதே, நீயே வாளியில் தட்டு.

அகரவரிசைப் பாட்டு ஒன்றை மட்டும் யோசித்துப் பாடு. 'ஒ' எது என்று கேட்டால் அ-விலிருந்து மனசுக்குள் பாடிக்கொண்டு வந்துதான் காட்டுவார்கள். ஒரு வாரம் ஆனதும் 'எ'-யிலிருந்து ஆரம்பி, நடுவில் நிறுத்து, அட்டைகளைக் கலைத்துப் போடு.

உன் பிள்ளைகள் எந்தத் தட்டில் இழுக்கிறார்கள் என்று எழுது. தேருக்கு வந்தால் நேரிலேயே சொல்.

அன்புடன்,
செல்லம்மா