அந்த எண்ணுக்குள் என் அண்ணன் இல்லை

செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் இரவுச் செய்தியில் ‘வேலையின்மை குறைந்தது’ என்று திரையின் அடியில் ஓடவிட்டீர்கள். பக்கத்தில் பச்சை அம்பு ஒன்று கீழ்நோக்கி இறங்கியது. அதன்பின் 50 நிமிடம், இது யாருடைய சாதனை என்று ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் மாறி மாறிக் கத்தின. அந்த எண் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை; நெறியாளரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என் அண்ணன் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தார். அச்சகத்தை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வேலை தேடினார். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அனுப்பும் முன் சிவப்புப் பேனாவோடு இரண்டு முறை படிப்பார். போன இடங்களில் வயதைக் கேட்டார்கள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஒன்பதாம் மாதம் விண்ணப்பம் எழுதுவதையே விட்டுவிட்டார். அந்தப் பேனா இப்போது மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது.

உங்களுக்குத் தெரியாததல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, வேலை இல்லாதவர் எல்லோரும் ‘வேலையற்றவர்’ ஆகிவிட முடியாது. அவர் வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். தேடுவதை விட்டவர் அந்தக் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரோ வேலையில் இருப்பவராகிவிடுவார். ஆக, வேலை பெருகினாலும் உங்கள் எண் குறையும். தேடித் தேடி மனிதர்கள் ஓய்ந்துபோனாலும் குறையும். இரண்டுக்கும் அதே பச்சை அம்பைத்தான் போடுகிறீர்கள்.

அன்று அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் திரையில் ஓடும் வரியில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டாலும் உரக்கச் சொல்லிவிடுவார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஒலியை அணைத்துவிட்டு, வாயசைக்கிற முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்பது இதுதான்: எண்ணைச் சொல்லும்போது, அதில் யார் சேரவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

அறிவியல் புனைகதைகளை எனக்குப் படிக்கக் கொடுத்தவரும் அண்ணன்தான். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவல் 1949-இல் வெளிவந்தது. அதில் சாக்லேட் பங்கீட்டை 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைப்பதாக ஓர் அறிவிப்பு வரும். மறுநாளே, பங்கீட்டை 20 கிராமாக உயர்த்தியதற்கு மக்கள் நன்றி சொல்லி ஊர்வலம் போனதாகத் தொலைத்திரை சொல்லும். பள்ளி வயதில் அதை நான் நம்பவில்லை. முந்தைய நாள் கேட்டது ஒருவருக்குமா நினைவிருக்காது என்று அண்ணனோடு சண்டை போட்டேன். நினைவிருக்கும், கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது என்றார் அவர்.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் எண் சரியான எண்தான். ஆனால் நாவலில் பொய்யைக் கொண்டு செய்ததை, பாதி உண்மையைக் கொண்டே செய்ய முடிகிறது என்பதுதான் என்னைச் சுடுகிறது. பணவீக்கம் குறைந்தது என்கிறீர்கள்; விலை இறங்கிவிட்டது என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது என்று யார் சொல்வது? தேசிய வருமானத்தை வைத்து மக்களின் நலத்தை அளந்துவிட முடியாது என்று, அதைக் கணக்கிட்ட பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸே 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கையில் எச்சரித்தார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் வளர்ச்சி விகிதத்தை விளையாட்டுப் போட்டியின் மதிப்பெண் மாதிரி வாசிக்கிறீர்கள். தமக்குச் சாதகமான எண்ணைத் தூக்கிப் பிடிப்பது கட்சிக்காரர்களின் வழக்கம். அவர்களை நிறுத்திக் கேட்பது உங்கள் கடமையல்லவா? அதைச் செய்யாமல் நான்கு பேருக்கு நான்கு கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் எப்படி?

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் புதிய நிகழ்ச்சி வேண்டாம், நிபுணர் குழு வேண்டாம். வேலையின்மை விகிதம் வெளியாகும் அறிக்கையிலேயே தொழிலாளர் பங்கேற்பு விகிதமும், அதாவது உழைக்கும் வயதினரில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள் என்ற கணக்கும், பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். அடியில் ‘வேலை தேடுவதை நிறுத்தியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை’ என்று ஒரு வரி ஓடட்டும். அந்த எண் மறுபடியும் வெளியாகும் நாளில் இதைச் செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அன்றும் அண்ணன் திரைக்கு முன்னால்தான் இருப்பார். அந்த வரியில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டால் விடுபடட்டும். அவர் உரக்கச் சொல்வதை நான் மறுபடியும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்