பூல் கியூவுக்கு எந்த மேப்பிள்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரங்களிலிருந்து பூல் கியூ (மேசைமேல் பந்துகளை அடித்து ஆடும் பூல் ஆட்டத்துக்கான கோல்) செய்யச் சொல்லி எங்கள் பட்டறைக்கு வருவோரில் பலர், எல்லாமே மேப்பிள் மரம்தான் என்னும்போது ஒரு ஷாஃப்டுக்கும் (கியூவின் மெலிந்த முன்பாதித் தண்டு) மற்றொரு ஷாஃப்டுக்கும் விலை ஏன் இவ்வளவு மாறுகிறது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் அரைகுறையாக விடை சொல்வதைவிட விரிவாக எழுதி அனுப்புவதே முறை என்று கருதுகிறோம்.

மேப்பிள் என்ற பெயரில் விற்பனைக்கு வருவது ஒரே மரம் அன்று. ஷாஃப்டுக்கு நாங்கள் எடுப்பது, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் அவற்றையொட்டிய கனடாப் பகுதியிலும் வளரும் சர்க்கரை மேப்பிள். வணிகத்தில் இதை ஹார்டு மேப்பிள் என்பார்கள். சிறிய எஃகுக் குண்டு ஒன்றைப் பாதியளவு மரத்துக்குள் அழுத்தத் தேவைப்படும் விசையே, மரத்தின் கடினத்தைக் காட்டும் ஜாங்கா அளவு. அது சர்க்கரை மேப்பிளுக்கு ஏறத்தாழ 1,450 பவுண்டு. சாஃப்ட் மேப்பிள் என்று விற்கப்படும் சிவப்பு மேப்பிளுக்கு 950, வெள்ளி மேப்பிளுக்கு 700. மேசை நாற்காலிக்குப் பின்னவை போதும். ஆனால் பந்தில் படும் நுனியான டிப் பக்கம் 13 மில்லிமீட்டருக்குச் சிறுத்துப் போகும் ஒரு தண்டில், மேசை விளிம்பில் ஒருமுறை பட்டாலே அவற்றில் பள்ளம் விழுந்துவிடும்.

தேக்கில் பழகிய நம் ஊர்க் கண்ணுக்கு இங்கே ஒரு குழப்பம் நேர்கிறது. நடுவிலுள்ள வைரத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியைத் தள்ளிவிடுவது நம் ஆசாரிகளின் வழக்கம். மேப்பிளிலோ வெளிப்பக்கத்து வெள்ளை மரம்தான் ஷாஃப்டுக்கு விரும்பப்படுகிறது, நடுக்கட்டை பழுப்பேறியிருக்கும். எனவே வெளிறிய ஷாஃப்டைப் பார்த்து “வைரம் பாயாத கட்டை” என்று ஐயுற வேண்டாம். சர்க்கரைப் பாகுக்காக அடிமரத்தில் துளையிடப்பட்ட மரங்களில் அத்துளையின் மேலும் கீழும் கறை நீண்டு ஓடுவதால், அப்பகுதியும் எங்களுக்கு உதவாது.

விலையை உண்மையில் தீர்மானிப்பது ரேகையின், அதாவது மரத்தின் நார்க்கோடுகளின், ஓட்டம். தண்டின் ஒரு முனையில் தொடங்கும் ரேகை மறுமுனை வரை நேராகச் செல்ல வேண்டும். பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில் வலு குறைவதோடு, ஈரப்பதம் மாறும்போது தண்டு வளையவும் கூடும். ஸ்னூக்கர் கியூவில் ஆஷ் மரத்தின் அம்பு போன்ற ரேகைகளை எண்ணிப் பழகியவர்கள் மேப்பிளில் எதுவுமே தெரியவில்லையே என்கிறார்கள். மேப்பிளின் நுண்துளைகள் வளையம் முழுவதும் பரவியிருப்பதால் ரேகை மங்கலாகவே இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் புலப்படும். இதே காரணத்தால், ஓர் அங்குலத்துக்கு இத்தனை வளையங்கள் என்ற கணக்கை மட்டும் நம்பி நாங்கள் வாங்குவதில்லை. நெருக்கமான வளையங்கள் கண்ணுக்கு அழகுதான், ஆனால் மேப்பிளின் அடர்த்தி அவற்றைப் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. எடையைப் பார்த்து, தட்டினால் எழும் ஒலியையும் கேட்டே தேர்கிறோம்.

பறவைக்கண் மேப்பிள், அலைரேகை மேப்பிள் ஆகியவற்றில் மயங்காதவர் அரிது. அவற்றைக் கைப்பிடிப் பகுதிக்குத் தாராளமாகக் கேளுங்கள். கனமாகச் செய்யப்படும் பகுதி என்பதால் அங்கே அவை நிலைத்து நிற்கும். ஷாஃப்டில் மட்டும் வேண்டாம். அந்த அழகே ரேகை நெளிந்து ஓடுவதால் வருவது. மெல்லிய தண்டுக்கு நெளிவு ஆகாது. மாறாக, மேற்பரப்பில் சிறு பழுப்புக் கீற்றுகள் உள்ள தண்டுகள் ரேகை நேராக இருந்தால் ஆட்டத்தில் எந்தக் குறையும் வைப்பதில்லை. தோற்றத்துக்காக மட்டுமே அவற்றின் விலை குறைகிறது என்பதால், புதிதாக ஆடுவோருக்கு நாங்கள் அவற்றையே பரிந்துரைக்கிறோம்.

காலதாமதம் பற்றியும் சொல்ல வேண்டும். உலர்த்திய கட்டையை லேத்தில் ஏற்றி ஒரே நாளில் இறுதி அளவுக்குக் கடைந்துவிட முடியும். அப்படிச் செய்தால் உள்ளே அடங்கியிருக்கும் இறுக்கம் தளர்ந்து சில வாரங்களிலேயே வளைவு வெளிப்படும். ஆகவே ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவல் மட்டும் எடுத்து, தண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, வளைந்தவற்றைக் கழித்துவிட்டு, நின்றவற்றை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிறோம். பங்குனி, சித்திரை வெயிலில் வறண்டும், ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் நனைந்தும் கிடக்கும் நம் ஊரில் இந்தப் பொறுமை கட்டாயம். கழிக்கப்படும் தண்டுகளின் செலவும் உங்கள் விலையில் சேர்ந்துள்ளது என்பதை மறைக்க விரும்பவில்லை. வளைவே கூடாது என்பவர்கள், பல துண்டுகளை ஒட்டிச் செய்த மேப்பிள் ஷாஃப்டைக் கேட்கலாம். ஒரே கட்டையின் தொடுவுணர்வு அதில் சற்று மாறும்.

ஆர்டர் தரும்போது டிப்பின் விட்டம், மொத்த எடை, கியூவை வைக்கப்போகும் இடம் குளிர்சாதன அறையா அல்லவா என்பவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறோம். இயன்றவர்கள் பட்டறைக்கு நேரில் வந்து, தொங்கும் தண்டுகளில் தமக்கானதைத் தாமே தேர்ந்தெடுக்கலாம்.

இங்ஙனம்,
பட்டறை நிர்வாகத்தார்,
கோயம்புத்தூர்.