கொறங்காட்டு மாடுகளுக்குத் தாது உப்புக் கலவை வேண்டி மனு

பெறுநர்:
கால்நடை பராமரிப்புத் துறை இணை இயக்குநர் அவர்கள்

பொருள்: தாது உப்புக் கலவை வழங்கக் கோருதல் – முந்தைய மனுக்களுக்குப் பதில் வராதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கிளுவை வேலியும் வெள்வேல மரமும் தாங்கள் அறியாததல்ல. காங்கேயம் மாடுகள் இந்தக் கொறங்காட்டை, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தை, நம்பித்தான் இருக்கின்றன. குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுக்களின் ரசீதுகள் கைவசம் உள்ளன, பதில்தான் வரவில்லை.

1. கொழுக்கட்டைப் புல் காய்ந்துவிட்டது. காய்ந்த புல்லில் வயிறு நிறையும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடைக்காது.

2. அந்தச் சத்துக் குறைவால் மாடுகள் எலும்பு தின்கின்றன, ஐயா. மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டால் புல்லை விட்டுவிட்டு, கறிக்கடைக் கழிவு கொட்டும் பள்ளத்துக்குப் போய் நிற்கின்றன. கன்று ஈன்ற மாடுதான் முதலில் ஓடுகிறது. கடைவாயில் எலும்பை ஒதுக்கி நறநறவென்று மெல்லும், எச்சில் நூலாக ஒழுகும், மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் வாயைத் திறக்காது. கட்டுத்தறியில் இருந்தால் சுவரை நக்குகிறது, கொடியில் காயும் துணியை மெல்லுகிறது. எலும்பு தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும்? செத்த பிராணியின் எலும்பில் நஞ்சு இருந்தால் மாடு பின்னங்கால் விழுந்து படுத்துவிடும், அப்புறம் எழாது. இது தங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதா? பாடம் படித்து வந்தவர்கள் தாங்கள். தெரிந்தும் ஏன் ஒரு ஆள்கூட வந்து பார்க்கவில்லை?

3. மாடுகள் பருவத்துக்கு வருவதில்லை. சினை ஊசி போட்டாலும் சினை நிற்பதில்லை.

4. “கல்லுப்பு வையுங்கள்” என்கிறார்கள். வைக்கிறோம். அதில் மணிச்சத்து ஏது, தாமிரம் ஏது, துத்தநாகம் ஏது? பால் சங்கத்தில் கேட்டால் பால் ஊற்றுகிறவர்களுக்குத்தான் கலவை என்கிறார்கள். எங்கள் மாட்டுப் பால் கன்றுக்கும் வீட்டுக்குமே சரியாகிவிடும். சங்கத்தில் எதை ஊற்றுவது? நாட்டு மாட்டைக் காக்கச் சொல்லி மேடையில் பேசுகிறீர்கள், அதே மாடு எலும்பு பொறுக்குகிறது!

மன்னிக்கவும் ஐயா, மனம் கொதிக்கிறது. மாடு ஒன்றுக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம் கலவை போதும். புல்லையும் மண்ணையும் எடுத்துப் பரிசோதித்து, இந்தப் பக்கத்துக்கு எது குறைவோ அதற்கேற்ற கலவையை மானியத்தில் தாருங்கள். கோமாரி ஊசி போட வருபவர்களிடமே கொடுத்தனுப்பலாம். பரிசோதனைக்குக் காத்திருக்கும் வரை, இருப்பில் உள்ள கலவையையாவது இந்தக் கோடைக்குள் தாருங்கள் ஐயா. பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
கொறங்காட்டு மாடு வளர்ப்போர்