சீசனுக்கு ஆள் பிடிப்பது: நண்பனுக்கு ஒரு கடிதம்

கோத்தகிரி
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கடையில் விண்ணப்பக் கூட்டம். பாஸ்போர்ட் அளவுப் படம், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று கை ஓயவில்லை. இன்று மத்தியானத்திலிருந்து மழை, மார்க்கெட் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மகன் மான்செஸ்டரில் சிறப்புக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்துவிட்டான், பகலில் கம்ப்யூட்டர் வேலை, வெள்ளிக்கிழமை இரவானால் சீருடை, சம்பளம் மட்டும் சல்லிக்காசு கிடையாது, இவனுக்கு என்ன கிறுக்கு என்று கேட்டிருக்கிறாய். கேட்பது யார் என்று பார். டீச்செலவுக்கும் பஸ்ஸுக்கும் காணாத படிக்காக, கோடநாடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, போலீஸுக்குத் துணை நிற்கும் நம் ஊர்க்காவல் படையில் நாற்பத்தைந்து நாள் பரேடு முடித்த ஆள்தானே நீ? கால் மாற்றிப் போட்டதற்காக உன்னை மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவன் உன் மகன்தான், சந்தேகம் வேண்டாம்.

போன வாரம் வீடியோவில் அவனோடு ஒரு மணி நேரம் பேசினேன். அங்கே சிறப்புக் கான்ஸ்டபிள்களுக்கு முழுநேரக் காவலருக்கு உள்ள அதே அதிகாரம் உண்டாம், கைது செய்வது உட்பட. 1831-லேயே இதற்கென்று சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஆள் நிற்பதில்லை என்கிறான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 2012-ல் 20,000 பேருக்கு மேல் இருந்த படை, 2024-ல் 6,000 அளவுக்கு வந்துவிட்டது. 2019-க்குப் பிறகு அங்கே முழுநேர வேலைக்கு 20,000 காவலர்களைக் கூடுதலாக எடுத்தபோது, இவர்களில் பலர் அந்தப் பக்கம் தாவிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் வீடு, வேலை, பிள்ளை என்று ஆனதும் கழன்றுகொள்பவர்கள் பலர். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர் பெயரை மாற்றிவிட்டால் நம் கதைதான்.

நம் பக்கம் நிலவரம் கேட்டாயே, சொல்கிறேன். ஊர்க்காவல் படைக்கு ஆள் சேர்ப்பது எப்போதும் கடினமாக இருந்ததில்லை. அறிவிப்பு வந்தால் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எதற்கு வந்தாய் என்று கேட்டால் பத்தில் ஏழு பேர், "போலீஸ் வேலைக்கு உதவும் என்றார்கள் சார்" என்பார்கள். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி வருகிறவன் தேர்வில் தேறினால் போய்விடுவான், தேறாவிட்டால் மனம் வெறுத்துப் போய்விடுவான். இரண்டு வழியிலும் எனக்கு ஆள் இல்லை.

வெகுநாள் எனக்குப் புரியாமல் இருந்த விஷயம் வேறொன்று. பயிற்சியில் முதல் வரிசையில் நின்றவர்கள்கூட மே மாதம் வந்தால் காணாமல் போவார்கள். உனக்குத் தெரியாததல்ல. சீசனில் முதலில் நம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, பிறகு ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டியெல்லாம் குன்னூர் வழி, இறங்கும் வண்டியெல்லாம் கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். நீலகிரியிலேயே பந்தோபஸ்துக்கு அதிகம் ஆள் வேண்டியது அந்த ஒரு மாதம்தான். அதே மாதத்தில்தான் டாக்ஸிக்காரன் வருஷம் முழுவதற்கும் சம்பாதிக்கிறான், காட்டேஜ் வைத்திருப்பவன் கடன் அடைக்கிறான், வர்க்கிக் கடைக்காரன் அடுப்பை அணைப்பதே இல்லை. நாம் யாரைப் படையில் சேர்த்து வைத்திருந்தோம்? டாக்ஸிக்காரனையும் காட்டேஜ்காரனையும் வர்க்கிக் கடைக்காரனையும்! அவர்கள்தான் டவுனில் கண்ணில் படுகிறவர்கள், பேச்சுத் துணிச்சல் உள்ளவர்கள். பசி நேரத்தில் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு விசில் ஊத வா என்றால் எவன் வருவான்? இருபது வருஷம் அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருஷமாக ஒரு பழைய கணக்கு நோட்டில் யாருக்கு எந்த மாதம் ஓய்வு என்று எழுதி வைக்கிறேன். மேலே இருப்பவர்கள் யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்வதுதான். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவனுக்கு மே மாதம் வேலை இல்லை. டியூஷன் எடுக்கும் பெண்ணுக்கும் அப்படியே. டாக்ஸிக்காரனை மே மாதம் விட்டுவிட்டு ஜனவரியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணிக்குக் கூப்பிட்டால் முகம் மலர வருகிறான். அவனுடைய ஊர்ப் பண்டிகை, அவனுடைய சொந்தக்காரக் கூட்டம், அவன் சொன்னால் கேட்கிறார்கள். மழை நாள் டூட்டி மட்டும் இன்னும் நோட்டில் அடங்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அதெல்லாம் நோட்டைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அந்த டியூஷன் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள், ஐந்தடிதான் இருப்பாள், பரேடில் கடைசி வரிசை. போன மே மாதம் அவளை மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் நிறுத்தியிருந்தேன். நான் பத்தடி தள்ளி, முழங்கால் வலிக்காக ரோட்டோரப் பாரப்பெட் சுவரில் உட்கார்ந்திருந்தேன். வெளியூர் வேன் ஒன்று இறங்கி வருகிறது. வண்டி இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை, இவள் மூக்கை உறிஞ்சினாள். "சார், கருகுது" என்றாள். உனக்கு அந்த வாடை தெரியும், ரப்பரும் இரும்பும் சேர்ந்து வேகும் வாடை. விசிலை ஊதி, நடுரோட்டில் கால் அகட்டி நின்றுவிட்டாள். டிரைவர் தலையை நீட்டிக் கத்தினான், அவசரமாம். அவள் பதில் பேசவில்லை. முன்சக்கரத்தைக் கையால் காட்டினாள். புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே பதினான்கு பேர், பாதி குழந்தைகள். முக்கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தி ஆறவைத்து, "இரண்டாம் கியரிலேயே போங்க, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்காதீங்க" என்று டியூஷன் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். இதை எந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

அன்று சாயங்காலம் அவளுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? பெயர் எழுதுகிற இடத்தில் ஒருவர், "ஏம்மா, கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே டீ சொல்லிட்டுப் போ" என்றார். யார், எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். அவள் டீ சொல்லிவிட்டுத்தான் போனாள். அடுத்த வாரம் டூட்டிக்கு வரவில்லை. நான் அவள் வீடு தேடிப் போனேன். ஒன்றும் குறை சொல்லவில்லை. "இராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணி, காலையில் ஐந்து மணிக்கு வா என்றால் லைனிலிருந்து எப்படி சார் வருவது? கரடி நடமாடுகிற இடம்" என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையே அந்த வாரத்து டூட்டியைச் சொல்லிவிடுகிறேன், விடிகாலை டூட்டி என்றால் ஜீப் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று வாக்குக் கொடுத்தேன். ஜீப்புக்காக யார் யார் காலில் விழுந்தேன் என்பது தனிக் கதை. வந்துவிட்டாள்.

காசு முக்கியமில்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. ஊர்க்காவல் படையினருக்குக் கொடுக்கும் நாள் படி, மாதம் முப்பது நாளுக்குக் கணக்கிட்டால் ஒரு காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரந்தரமாக்கச் சொல்லவில்லை, படியைத்தான் சொன்னது. நம் மாநிலத்தில் படி 560 ரூபாய் ஆனது. கூடவே மாதத்தில் கூப்பிடும் நாள்களும் சுருங்கின. இதையே நம்பிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு அது பெரிய அடி. நல்ல அனுபவசாலிகள் பலர் அப்போதுதான் திருப்பூருக்கும் கோவைக்கும் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். தொண்டு என்கிறோம், ஆனால் ஏழையின் தொண்டுக்கு அடுப்பு எரிய வேண்டும். உன் மகனுக்கு அடுப்பு வேறிடத்தில் எரிகிறது, அதனால் அவனால் சும்மா செய்ய முடிகிறது. இந்த வித்தியாசத்தை அவனிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

இன்னொன்று, 2020. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சம்பவத்துக்குப் பிறகு, போலீஸுக்கு உதவிய பொதுமக்கள் அமைப்பான 'காவல் நண்பர்கள்' குழுவின் மீது புகார் எழுந்து, அந்த ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. அது 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கியது, நம் படையோ தனிச் சட்டத்தின் கீழ் வருவது. ஆனால் தெருவில் யார் இதைப் பிரித்துப் பார்க்கிறார்கள்? ஒரு கிழவி என் தோள்பட்டைப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, "நீயும் அந்த ஆளுதானா?" என்று கேட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து புதிதாகச் சேர வருகிறவனிடம் நான் முதலில் கேட்பது, "லத்தி பிடிக்க ஆசையா?" என்பதுதான். கண் மின்னினால் ஆளை அனுப்பிவிடுகிறேன். இந்தச் சல்லடையில் சில நல்ல பையன்களும் விழுந்திருக்கலாம், போகட்டும்.

வீட்டில் எல்லோரும் நலம். பச்சைத் தேயிலை விலையைப் பற்றிக் கேட்காதே, என் மச்சானிடம் கேட்டால் அழுவான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என்னுடையது பரேடில் "விரைவாக நட" என்றதும் தனியாக ஒரு சத்தம் போடுகிறது.

கடைசியாக ஒரு திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ ஊரை விட்டுப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போன பித்தளை விசில், கடை மேசை இழுப்பறையில் இத்தனை வருஷம் கிடந்தது. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் விசில் மழையில் ஊதினால் காற்றுதான் வருகிறது. உன்னைக் கேட்காமலே எடுத்து, பல்பொடி போட்டுத் தேய்த்து, புதுக் கயிறு மாட்டி அவளிடம் கொடுத்துவிட்டேன். குஞ்சப்பனையில் நின்று ஊதினால் இரண்டு வளைவுக்குக் கீழே கேட்கிறது. மே மாதம் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வா, இறங்கும்போது நீயே கேட்கலாம்.

உன்,
பழைய செக்‌ஷன் லீடர்