காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்த நர்ஸ் அக்காவுக்கு

அக்கா, பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு 18 நாள். கோத்தகிரி பக்கம் அரவேணுவிலிருந்து எழுதுகிறேன்.

நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு மூளையில் நீர் கோத்துக்கொண்டது. அதை வடிக்கத் தலையிலிருந்து தோலுக்கடியிலேயே வயிறு வரை ட்யூப் வைத்தார்கள். 'ஷண்ட்' என்பார்கள். ஐந்து வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த ஐப்பசியில் வயிறு உப்ப ஆரம்பித்தது. அத்தை மாந்தம் என்று வசம்பு உரசிப் போட்டார். ஒரு கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பாவாடை நாடா எட்டாமல் போனது. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. பெற்றவள் நானே ட்யூபை நினைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பார்க்க வந்த நீங்கள் இவளைப் பார்த்துவிட்டு நின்றீர்கள். காதுக்குப் பின்னால் தடவினீர்கள். "இந்த ட்யூப் எங்கம்மா போய் முடியுது? வயித்துலதானே?" என்று கேட்டீர்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அன்று இரவே கோவைக்குக் கிளம்பினோம். மலைப்பாதையில், குஞ்சப்பனையில் யானை நின்றது. விளக்கை அணைத்துப் பொறுமையாகக் காத்திருந்து இறக்கிவிட்ட டிரைவர் தம்பி, நீ நல்லாயிருக்கணும்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். ட்யூப் நுனியைச் சுற்றி ஒரு பெரிய நீர்ப்பை. வயிறு உறிஞ்சிக்கொள்ள வேண்டிய மூளை நீர், சுற்றிலும் சவ்வு கட்டிக்கொண்டு தேங்கி நின்றது. பெரும்பாலும் வெளியே தெரியாத கிருமித்தொற்றால் இப்படி ஆகுமாம். அறுவை மருத்துவர் வயிற்றுப் பக்க நுனியை வெளியே எடுத்து, நீரை வெளியே தொங்கவிட்ட ஒரு பிளாஸ்டிக் பையில் வடியவிட்டு, கிருமி போகும்வரை மருந்து ஏற்றி, பிறகு புது ட்யூப் வைத்தார். வெளியே தொங்கும் அந்தப் பை சொன்ன உயரத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளையை எழுப்பும்போதெல்லாம் ட்யூபில் இருக்கும் திருகு மூடியை மூட வேண்டும். ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட வார்டு சிஸ்டர்களை என்றைக்கும் மறக்கமாட்டேன்.

ஷண்ட் வைத்த பிள்ளைகளின் அம்மாக்களே, டாக்டர் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சில பிள்ளைகளுக்கு இப்படி நீர்ப்பை கட்டாமல் வயிறு முழுக்க நீர் பரவுமாம். ஆண் பிள்ளைகளுக்கு விதைப்பையிலும் இறங்குமாம். வயிறு வீங்கினால், "தலையில் ட்யூப் இருக்கு, வயிற்றை ஸ்கேன் பண்ணுங்க" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

நாங்கள் இல்லாத நாளெல்லாம் தேயிலைக் கொழுந்து முற்றாமல் பறித்து ஃபேக்டரிக்குப் போட்ட எங்கள் லைன் ஆட்கள் எல்லோருக்கும் நன்றி.

அக்கா, புதன்கிழமை ஊசி போட வரும்போது வீட்டுப் பக்கம் வந்துவிட்டுப் போங்கள். பாவாடை நாடாவைத் தானே முடிந்து உங்களுக்குக் காட்ட வேண்டுமாம் அவளுக்கு.