பதினோரு இடங்களும் ஒரு நாளும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். காலை எட்டு மணிக்குத் தீவில் இறங்குகிறாய், மாலை ஐந்தரைக்குத் திரும்பப் படகு ஏறுகிறாய், நடுவில் பதினோரு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்றுகூடக் கணக்கு. கடைசியில், ‘வழிகாட்டி வேண்டாம், போனில் வரைபடம் இருக்கிறது’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பெயர் போடாமல் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். இதே பட்டியலோடு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், கோபித்துக்கொள்ளாதே.

எது எங்கே இருக்கிறது என்று வரைபடம் சொல்லிவிடும். அங்கே எப்போது போகலாம், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்பது அதற்குத் தெரியாது. வெப்பமண்டலத் தீவில் பாதி இடங்கள் நாள் முழுக்க ஒரே இடமாக இருப்பதில்லை. காலையில் நடந்து போன மணல் திட்டு மதியம் கடலுக்குள் இருக்கும்.

பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏறிய நீர் முழுக்க வற்ற ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் கூடும், வற்றமும் கூடும். இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் எந்தப் பாறை மூழ்கினால் கரைக்கு நடக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது பாடத்தில் இல்லை. அங்கே சின்ன வயதிலிருந்து நடந்தவருக்குத்தான் தெரியும்.

எனக்கு இது பாதத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டது. உன் வயதில் ஒரு பவளத் தீவுக்குப் போயிருந்தேன். கூட வந்த உள்ளூர்க்காரர், ‘திட்டுக்கு இப்பவே போயிடலாம், சாப்பாடு அப்புறம்’ என்றார். எனக்குப் பசி. காசு கொடுக்கிறவன் நான் என்ற நினைப்பு வேறு. சாப்பிட்டுவிட்டுத்தான் போனோம். திட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை, கையைப் பிடித்து இழுத்தார். திரும்பும்போது தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. நீரோட்டம் பக்கவாட்டில் தள்ள, வெறுங்காலைப் பவளத்தில் ஊன்றிவிட்டேன். பவளம் கிழித்த காயம் சாமானியமாக ஆறாது, வாரக்கணக்கில் நொண்டினேன். அவர் திட்டவே இல்லை. காயத்தைக் கழுவிவிட்டு, ‘இதையே நாளைக்குச் செஞ்சிருந்தா ஐம்பது நிமிஷம் கூடக் கிடைச்சிருக்கும்’ என்றார். கேலியா, தகவலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் அவர் சொன்ன வரிசையில்தான் போனேன். படகில் அவர் உட்காரவே மாட்டார், நின்றுகொண்டே வருவார். உயரத்திலிருந்து பார்த்தால்தான் தண்ணீரின் நிறம் பிரியும். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் அடியில் மணல், பழுப்புத் திட்டு என்றால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே பவளம். சூரியன் உச்சியில், அல்லது முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதுதான் இது சரியாகத் தெரியும். எதிர்வெயிலில் கடல் வெறும் தகரம் மாதிரி மின்னும், ஒன்றும் புரியாது. பவளத் திட்டுகளுக்கு நடுவே போகும் பயணத்தை நீ மாலைக்குத் தள்ளி வைத்திருக்கிறாய் பார், அதை முதலில் மாற்று. வெப்பமண்டலத்தில் அந்தியும் சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் இறங்கி அரை மணிக்குள் இருட்டு.

ஆழமில்லாத மணல் தரையில் அவர் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்கச் சொல்வார். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வுக்கு விலகிவிடும். மேலே மிதித்தால்தான் வாலால் குத்தும். தென்னை மரத்தடியில் உட்காரும் முன் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். கரீபியத் தீவுகளில் மான்சினீல் என்று ஒரு மரம் உண்டு. மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்புளிக்க வைக்கும். பார்க்கப் பச்சையாக, நல்ல நிழலாக இருக்கும். யாராவது சொன்னால்தான் உண்டு.

அப்புறம், கேட்டால் மட்டும் சொல்லும் விஷயங்கள் இருக்கின்றன. அந்தத் தீவின் நடுவில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புக் கடல், இதில் எப்படி நல்ல தண்ணீர் என்று கேட்டேன். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை அது இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் போடும் கணக்கு. அவர் இந்தக் கணக்கெல்லாம் சொல்லவில்லை. ‘வாளியால இறைச்சா இனிக்கும், மோட்டார் போட்டா கரிக்கும்’ என்றார். வேகமாக உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். அவர் சொன்னதும் படித்தவர்கள் சொல்வதும் ஒன்றேதான். காலடியில் இருந்த வெள்ளை மணலைக் காட்டி, இதில் ஒரு பங்கு கிளிமீன் போட்டது என்றார். அந்த மீன் பவளத்தைக் கடித்து அரைத்து மணலாக வெளியே தள்ளுகிறது. பெரிய மீன் ஒன்று ஆண்டுக்குப் பல நூறு கிலோ தள்ளுமாம். உன் பட்டியலில் ‘வெள்ளை மணல் கடற்கரை, 20 நிமிடம்’ என்று இருக்கிறது.

சுமத்ரா பக்கம் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907-ல் அங்கே பேரலை வந்து ஏராளமானவர்களைக் கொண்டுபோனது. அந்த நினைவை ‘ஸ்மோங்’ என்ற ஒரு சொல்லில் வைத்து, பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பரில் நிலநடுக்க மையம் அவர்களுக்கு மிகப் பக்கத்தில். அலை சில நிமிடங்களில் வந்தது. ஏறக்குறைய 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். தீவுக்காரர் ‘அங்கே போகாதே’ என்றால் காரணம் கேட்காமல் நின்றுவிடு என்று நான் சொல்வது இதனால்தான். காரணத்தை நின்ற பிறகு கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கொடி பிடித்து முப்பது பேரை ஓட்டிச் செல்கிறவர் பலமுறை உன்னைப் போலவே வெளியிலிருந்து வந்தவராக இருப்பார். அந்தத் தீவிலேயே குடியிருப்பவரா என்று கேள். கூலியை முதலிலேயே பேசிவிடு, பேசியதைக் குறைக்காதே. ஆமையைத் தொடவோ மீனுக்கு இரை போடவோ அவரை வற்புறுத்தாதே. மனமில்லாமல் சம்மதிப்பார், நீ போன பிறகும் அந்தக் கடலை நம்பி இருக்கப்போகிறவர் அவர். பசிபிக் கடலில் இருக்கும் பலாவ் என்ற தீவு நாட்டில் 2017 முதல், வருகிறவர்களின் பாஸ்போர்ட்டிலேயே தீவைக் கெடுக்க மாட்டேன் என்ற உறுதிமொழி ஒன்றை முத்திரை குத்திக் கையெழுத்து வாங்குகிறார்கள். பவளத்தைக் கெடுக்கும் ரசாயனம் கலந்த வெயில் கிரீம்களுக்கு 2020-ல் தடையும் போட்டுவிட்டார்கள். கிரீமை நம்புவதற்குப் பதில் முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்.

பதினொன்றில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். எந்த நான்கு என்று அவர் சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பயணத்துக்கு அப்புறம் வாங்கிய கெட்டியான ரப்பர் செருப்பு, பின்னால் வார் வைத்தது, இன்னும் என்னிடம் இருக்கிறது. உனக்கும் என் அளவுதான். கிளம்பும் முன் வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்